வழிகாட்டியிடம் சத்தியம் கேட்ட பேராயர்

எங்கள் ஆற்றங்கரையில் பிறந்து பேராயர் ஆனவர் ஒரே ஒருவர்தான். ஒருவர் போதும். மற்ற பேராயர்கள் எல்லாம் பலகை அடித்த வீடுகளில் பிறந்தவர்கள். அப்பன் நீதிபதியாக இருப்பான், மாமன் பழைய பேராயராக இருப்பான், தொட்டிலிலேயே லத்தீன் கேட்டு வளர்ந்திருப்பார்கள். எங்கள் ஆஸ்முண்ட் பிறந்தது புல்லையும் மண்ணையும் அடுக்கிக் கட்டிய வீட்டில், மாடு மூச்சுவிடும் சத்தம் காதில் விழும் தூரத்தில். அவருடைய அப்பா ஆறு கடத்துகிறவர். ஐஸ்லாந்தின் தென்கரையில், பனிமலையின் அடியிலிருந்து சாம்பல் கரைத்த நிறத்தில் இறங்கி வரும் அந்த ஆற்றுக்குப் பாலம் கிடையாது, அதில் படகும் நிற்காது. குதிரைதான். முன்னால் ஒருவன் நீண்ட கோலை ஊன்றி வழி பார்த்துக்கொண்டு போக வேண்டும். பின்னால் வருகிறவன் பெரிய பண்ணையாராக இருந்தாலும் சரி, அரசரின் அதிகாரியாக இருந்தாலும் சரி, வாயை மூடிக்கொண்டு அவன் சொன்னபடி வர வேண்டும்.

பத்தொன்பது வயதில் ஆஸ்முண்ட் ஒரு குதிரையை விற்கப் பேராயர் இல்லத்துக்குப் போனார். விலை பேசினார்கள். விலை வேண்டாம், அதற்குப் பதில் பள்ளிக்கூடத்தில் உட்கார ஓர் இடம் கொடுங்கள் என்றார். குதிரை நல்ல குதிரை. அதனால் இடம் கிடைத்தது. பன்னிரண்டு வயதுப் பையன்கள் அவரைத் 'தாத்தா' என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். சில வருடங்களில் அதே பையன்களுக்குத் தாத்தாவே பாடம் நடத்தினார்.

முதலில் கிடைத்த சபை, நெருப்புமலைக் கல் உறைந்து கிடக்கும் கடலோரத்தில். அங்கே போதகரும் துடுப்பு போட்டால்தான் சாப்பாடு. சனிக்கிழமை மீன் பிடித்த கையில் செதில் ஒட்டியிருக்க, ஞாயிற்றுக்கிழமை அதே கையால் திருவிருந்து கொடுத்தார். பெரியம்மை வந்த வருடம் சுற்றுவட்டாரப் போதகர்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள். இவர் ஒருவரே நான்கு கோவில்களுக்கு ஓடினார். குழி வெட்ட ஆள் இல்லாத வாரங்களில் குழியும் அவரே வெட்டினார். பிறகு பழைய பேராயர் காலமானபோது இரண்டு பெரிய குடும்பங்கள் பதவிக்கு அடித்துக்கொண்டன. அவர்கள் ஒருவரையொருவர் கவிழ்த்து முடித்த பின், போதகர்கள் நிமிர்ந்து பார்த்தால், நின்றுகொண்டிருந்தது ஆஸ்முண்ட். அரசர் இருக்கும் கோபன்ஹேகனுக்குக் கப்பல் ஏறினார். அங்கே பேராசிரியர்கள் அவருடைய லத்தீனைக் கேட்டு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்களாம். அடக்கட்டும். தலையில் கை வைத்து, அபிஷேகம் செய்து, பேராயராகத்தான் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது.

பெரிய வீட்டார்கள் அவருக்கு வைத்த பெயர் 'குதிரைக்காரப் பேராயர்'. அவர் காதிலும் விழுந்தது. "ஆமா, குதிரைக்காரன்தான். எந்தக் குதிரை எங்க உதைக்கும்னு எனக்குத் தெரியும்" என்றார்.

அவர் சொன்னது வெறும் பேச்சு அல்ல. போதகர்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து பத்து மாதம் நிறையும் முன்னால் பிள்ளை பிறந்துவிட்டால், அந்தப் போதகர் அங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். பெரிய இடத்துப் போதகர்கள் விஷயத்தில் இந்தச் சட்டம் காலங்காலமாகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. குறைமாதம் என்பார்கள், மருத்துவச்சி தலையாட்டுவாள், முடிந்தது. ஆஸ்முண்ட் வந்த பிறகு அது நடக்கவில்லை. ஸ்டுர்லா என்று ஒருவர், கிழக்கு வட்டகைப் போதகர்களுக்குத் தலைவர், நீதிபதிக் குடும்பம். அவருடைய சொந்தத் தம்பியின் அங்கியைப் பேராயர் கழற்ற வைத்தார். ஸ்டுர்லா வீட்டுப் பெண்கள் காலில் விழாத குறை. பேராயர் அசையவில்லை. எங்கள் ஆள் அப்படி.

இப்போது அதே சட்டம் அவருடைய வீட்டுக்கே வந்தது.

பேராயரின் தம்பி ஸ்காப்தி அப்பாவின் தொழிலையே பிடித்துக்கொண்டு ஆற்றின் மேற்குக் கரையில் இருந்தார். வழிகாட்டி. அவருக்கு ஒரே மகன், இல்லுகி. பேராயருக்குப் பிள்ளை இல்லை. இல்லுகியைப் படிக்க வைத்தவரும் அவர்தான், கை வைத்துப் போதகராக்கியவரும் அவர்தான், ஆற்றின் கிழக்குக் கரையில் இருந்த கோவிலைக் கொடுத்தவரும் அவர்தான். இல்லுகி தோராவைக் கல்யாணம் செய்தது இலையுதிர்காலத்தில். குழந்தை வசந்தத்தில் பிறந்தது, கொழுகொழு என்று, குறைமாதம் என்று யாரும் வாய் கூசாமல் சொல்ல முடியாத அழகில்.

ஸ்டுர்லா அழைப்பாணை எழுதினார். ஜூலை மாதம், பேராயர் சபைகளைப் பார்வையிட வரும்போது, இன்ன ஞாயிற்றுக்கிழமை, இல்லுகியின் கோவிலிலேயே விசாரணை. பேராயரும் வட்டகைத் தலைவரும் இருவரும் உட்கார்ந்தால்தான் தீர்ப்பு செல்லும். அந்த ஞாயிறு தவறினால் அழைப்பாணை செத்தது. புதிது அடுத்த கோடையில்தான். அதற்குள் இலையுதிர்காலக் கப்பலில் மன்னிப்பு மனு போய், வசந்தக் கப்பலில் அரசரின் மன்னிப்பு வந்துவிடலாம். தீர்ப்புக்கு முன்னால் மன்னிப்பு வந்தால் அங்கி தப்பும். தீர்ப்புக்குப் பின்னால் என்றால், வருடக்கணக்கில் காத்துக் கிடந்து, எங்கேயாவது வடக்கே ஒரு மூலையில் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இது பேராயருக்கும் தெரியும், ஸ்டுர்லாவுக்கும் தெரியும், கரையில் மேய்கிற ஆட்டுக்கும் தெரியும்.

விசாரணைக்கு முந்திய சனிக்கிழமை காலை பேராயரும், அவரை அழைத்துப் போக வந்திருந்த ஸ்டுர்லாவும், கூட வந்த ஒரு பருத்த போதகரும், ஸ்காப்தியின் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்காப்தியின் மனைவி ஊனா, கல்லில் தட்டி நார்நாராகப் பிய்த்த உலர்மீனையும் வெண்ணெயையும் அவர்கள் முன்னால் வைத்தாள். வைத்த வேகத்தில் தட்டு சத்தம் போட்டது. ஸ்காப்தி இடுப்பு வரை நனைந்து உள்ளே வந்தார்.

"இன்னிக்கு இல்ல" என்றார். "நாளைக்கும் இல்ல. திங்கக்கிழம பாக்கலாம்."

பருத்த போதகர் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"திங்கக்கிழமையா?" என்றார் ஸ்டுர்லா. "ஓய்வுநாள இவ்வளவு பக்தியா அனுசரிக்கிற ஆத்த இப்பத்தான் பாக்குறேன்."

"அது பக்தியான ஆறு இல்லீங்க ஐயா" என்றாள் ஊனா. "போன வருசம் ஒரு வரி வசூல்காரர அப்படியே முழுங்குச்சு. ஏப்பம்கூட விடல."

பேராயர் எழுந்து வெளியே போனார். மற்றவர்கள் பின்னால் போனார்கள்.

ஆறு பல கிளைகளாகப் பிரிந்து ஓடிக்கொண்டிருந்தது. பேராயர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடுக் கிளையைப் பார்த்தார். இந்த ஆற்றைத்தான் அவர் பால் குடித்த நாள் முதல் பார்த்து வளர்ந்தார். வழுவழுப்பாக ஓடும் இடம் ஆழம். நெளிந்து நெளிந்து ஓடும் இடம் ஆழமில்லை. அப்பா சொல்லிக் கொடுத்தது. நடுக் கிளை முழுக்க நெளிவாக இருந்தது.

"நெளியுதே, ஸ்காப்தி" என்றார் மெதுவாக.

"நெளியுது. அடியில மணல் நடக்குது, அதனால நெளியுது. கல்லு மேல ஓடுற நெளிவு வேற, இது வேற. குதிர கால வச்சா மணல் கீழ போயிரும்."

"எனக்கு வித்தியாசம் தெரியலியே."

"நீ முப்பது வருசமா பலகத் தரையில நடக்குற அண்ணே. எப்படித் தெரியும்?"

தம்பி சொல்வது உண்மையாக இருக்க வேண்டும் என்று பேராயரின் மனது கெஞ்சியது. அந்தக் கெஞ்சல்தான் அவரைப் பயமுறுத்தியது. இல்லுகியின் அங்கி தப்ப வேண்டும் என்று ஆசைப்படுகிறவன் கண்ணுக்கு எந்த ஆறும் கடக்க முடியாத ஆறுதான். அவருடைய கண்ணுக்கும் அப்படித்தான், ஸ்காப்தியின் கண்ணுக்கும் அப்படித்தான். யார் கண்ணை நம்புவது?

ஸ்டுர்லா பக்கத்தில் வந்து நின்றார். "பேராயர் ஐயா, எனக்கு ஆத்தப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா என் தம்பி விசயத்துல எந்த ஆறும் குறுக்க வரல. உங்க தம்பி வேதப்புத்தகத்து மேல கை வச்சு, கடக்க முடியாதுன்னு ஒரு சத்தியம் பண்ணட்டும். பண்ணிட்டா நான் திங்கக்கிழம வரைக்கும் இங்கயே மீனத் தின்னுக்கிட்டுக் கிடக்குறேன். ஊருல எவன் பேசினாலும் அவன் வாய நானே அடைக்கிறேன்."

எங்கள் பக்கத்தில் வழிகாட்டியிடம் சத்தியம் கேட்டவன் கிடையாது. கேட்டால், 'என்னைக் கொல்லப் பார்க்கிறாயா' என்று கேட்பதற்குச் சமம். ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சத்தியத்துக்கு வேலை உண்டு. ஆற்றுக்குள் வழிகாட்டியின் ஒற்றை வார்த்தைக்குத்தான் வேலை. இது பேராயருக்கு ஞானோபதேசம் கற்கும் முன்னாலேயே தெரியும். ஆனாலும் ஊர் வாய் கண் முன்னால் வந்து நின்றது. குதிரைக்காரன் புத்தியைக் காட்டிவிட்டான் என்பார்கள். முப்பது வருடம் கட்டிய பெயர்.

"பண்ணிரு ஸ்காப்தி" என்றார். "ஒரு வார்த்த. எல்லார் வாயும் அடைஞ்சிரும்."

ஸ்காப்தி திரும்பி அண்ணனை நேராகப் பார்த்தார். "இதக் கேக்குறது அவரா, நீயா?"

"நான்தான் கேக்குறேன்."

"சரி. குதிர ஏறுங்க, பேராயரே."

"சத்தியம்?"

"ஆறு பண்ணும். ஏறுங்க."

ஊனா ஓடிவந்து கணவரின் கடிவாளத்தைப் பிடித்தாள். "உனக்கு என்ன கிறுக்கா மனுசா? நீ இல்லேன்னா இல்லதான். அவங்க என்னமோ பேசிட்டுப் போகட்டும்."

"இல்லேன்னு சொன்னேன். என் கூடப் பொறந்தவனே நம்பல. கைய எடு."

பருத்த போதகர் தன் முட்டியைத் தடவிக்கொண்டார். "எனக்கு முட்டி சரியில்ல. நான் இங்கயே இருந்து ஜெபம் பண்றேன்."

"பண்ணுங்க சாமி" என்றாள் ஊனா. "சத்தமா பண்ணுங்க. ஆத்துச் சத்தத்துல ஆண்டவருக்குக் கேக்காது."

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லப் பேராயருக்கு அந்த நேரத்தில் முடிந்திருக்கும். வாய் வரை வந்தது. அதற்குள் ஸ்டுர்லா முகம் வெளுத்துப்போய், ஆனால் முதுகை நிமிர்த்திக்கொண்டு, சேணத்தில் ஏறிவிட்டார். அவர் ஏறிய பிறகு பேராயர் எப்படிப் பின்வாங்குவார்? மூன்று குதிரைகள் தண்ணீரில் இறங்கின.

முதல் கிளை குதிரையின் முழங்காலுக்கு மேல் வரவில்லை. ஸ்டுர்லா இருமி, "இவ்வளவுதானா?" என்றார். ஸ்காப்தி திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாம் கிளையில் தண்ணீர் சேணத்தைத் தொட்டது. குளிர் காலணிக்குள் புகுந்து எலும்பைப் பிடித்தது. பனிக்கட்டிகள் ஆட்டுக்கடா அளவில் உருண்டு வந்து குதிரைகளின் விலாவில் மோதின.

"தண்ணியப் பாக்காதீங்க!" என்று ஸ்காப்தி கத்தினார். "கரையப் பாருங்க! தண்ணியப் பாத்தா தல சுத்தும்!"

நடுக் கிளை. ஸ்காப்தியின் கோல் ஊன்றிய இடத்தில் நிற்கவில்லை. ஊன்ற ஊன்றக் கீழே போய்க்கொண்டே இருந்தது. பேராயர் அதைப் பார்த்தார். மறு நொடி அவருடைய குதிரையின் பின்னங்கால்கள் திடீரென்று இல்லாமல் போயின. மணல் நடந்தது. ஆற்றின் அடியே முழுதாக எழுந்து நடப்பதுபோல் நடந்தது. குதிரை முன்னங்காலை உதறி உதறி எழும்பியது.

"ஸ்காப்தி! திரும்பு! நீ சொன்னது சரி!"

ஸ்காப்தி நிற்கவில்லை.

"திரும்பு, தம்பி! நீ சொன்னது சரிதான்!"

"எனக்குக் கேக்குது. அவருக்குக் கேக்கல."

பேராயர் பிரசங்கபீடத்தில் நிற்பதுபோல் மார்பை விரித்துக் கத்தினார். "என் தம்பி உண்மையச் சொன்னான்! நான் அவனச் சத்தியம் கேட்டது தப்பு! கேட்டீரா, ஸ்டுர்லா?"

"கேட்டேன்! ஆண்டவரே, கேட்டேன்!" என்று ஸ்டுர்லா அலறினார்.

அப்போதுதான் ஸ்காப்தி திரும்பச் சொல்லிக் கையை உயர்த்தினார். ஆனால் ஆற்றில் போவதைவிடத் திரும்புவது மோசம். திரும்பும்போது குதிரையின் முழு விலாவும் வெள்ளத்துக்குக் காட்டிக்கொடுக்கப்படும். ஸ்டுர்லாவின் குதிரை சாய்ந்தது. அவர் போனார், கறுப்பு அங்கி ஒரு முறை தண்ணீருக்கு மேல் உப்பி எழுந்து அமுங்கியது. ஸ்காப்தி தன் குதிரையை அவர் பின்னால் திருப்பிவிட்டார். பேராயர் கடிவாளத்தை விட்டுவிட்டுப் பிடரி மயிரைப் பிடித்துக்கொண்டார். அது கை மறக்காத பழக்கம். ஆறு மூவரையும் இழுத்துக்கொண்டு போய், கிழக்குப் பக்கம் கிளை வளைகிற இடத்தில், ஒரு கூழாங்கல் திட்டில் தள்ளியது. ஸ்காப்தியும் பேராயரும் தவழ்ந்து ஏறினார்கள். குதிரைகள் கையை விட்டுப் போயிருந்தன. ஸ்டுர்லா திட்டின் ஓரத்தில் பாதி உடம்பு தண்ணீரில் கிடந்தார். இருவரும் போய்ச் சேரும் முன் வெள்ளம் அவரை மறுபடி உரித்து எடுத்தது.

திட்டும் சின்னதாகிக்கொண்டே வந்தது. தண்ணீர் கணுக்கால் வரை ஏறியது.

கிழக்குக் கரையில் பேராயரை வரவேற்க இல்லுகி அங்கியோடு நின்றுகொண்டிருந்தான். பேராயர் அவனைப் பார்த்தார். அவன் அங்கேயே நின்றால் போதும். சும்மா நின்றால் போதும். அவனை விசாரிக்க வந்த இருவரும் தண்ணீரில் போய்விடுவார்கள். ஓர் ஆளும் அவனைக் குறை சொல்ல மாட்டான். பக்கத்தில் தம்பி நிற்பதையும் மறந்து, பேராயர் ஒரு கணம் அவன் நிற்கட்டும் என்றுகூட நினைத்தார்.

இல்லுகி அங்கியைத் தலை வழியாக உருவி எறிந்தான். குதிரையை மேலே கொஞ்ச தூரம் ஓட்டிப் போய், அங்கிருந்து தண்ணீரில் இறக்கி, வெள்ளத்தோடு சாய்ந்து வந்தான். ஆற்றங்கரைப் பிள்ளை, லத்தீன் அதை அழித்துவிடவில்லை. வழியில் மிதந்த ஸ்டுர்லாவின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துச் சேணத்தில் குறுக்கே போட்டான். முதலில் அவரைக் கரையில் போட்டுவிட்டு மறுபடி வந்தான்.

"பெரியப்பாவ முதல்ல கொண்டு போ" என்றார் ஸ்காப்தி.

"நீ போ" என்றார் பேராயர்.

"ரெண்டு பேரும் சும்மா இருங்க!" என்று இல்லுகி கத்தினான். "ஆளுக்கொரு பக்கம் சேணத்தப் பிடிங்க. விட்டா நான் தேட மாட்டேன்!"

தன்னைத் தீர்க்க வந்தவர்களைத் தானே தூக்கிக்கொண்டு போய்த் தன் வாசலில் இறக்கினான்.

சாயங்காலம் எல்லோரும் தோராவின் அடுப்பைச் சுற்றி, கம்பளித் துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குழந்தை அழுதது. யாரும் அதன் பக்கம் பார்க்கவில்லை. ஸ்டுர்லா பேராயரை வெளியே அழைத்துப் போனார். அந்த மாதத்தில் வெளிச்சம் போவதே இல்லை. இருவர் முகமும் இருவருக்கும் நன்றாகத் தெரிந்தது.

"நாளைக்கு எனக்குக் காய்ச்சல்" என்றார் ஸ்டுர்லா.

"உமக்குக் காய்ச்சல் இல்லியே."

"நாளைக்கு வரும். கடுமையா வரும். தல தூக்க முடியாது. நான் உக்காராம தீர்ப்பு செல்லாது, அது உங்களுக்கே தெரியும்." பற்கள் இன்னும் தந்தியடித்துக்கொண்டிருந்தன. "ஐயா, மூணு வருசமா உங்க மேல எனக்கு இருந்த கோவம் கொஞ்சநஞ்சம் இல்ல. இந்த நாளுக்குத்தான் காத்திருந்தேன். ஆனா அந்தப் பய என் மயிரப் பிடிச்சு இழுத்துட்டு வந்தான். நான் எந்த மூஞ்சியோட அவன் முன்னால உக்காருவேன்?"

சரி என்று ஒரு தலையசைப்பு போதும். இல்லுகியின் அங்கி தப்பும். சத்தியம் கேட்ட பாவம்கூடக் கொஞ்சம் கழுவப்படும். அடுத்த வருடம் ஸ்டுர்லாவின் தம்பி வந்து நிற்பான். எனக்காக ஏன் யாருக்கும் காய்ச்சல் வரவில்லை என்று கேட்பான். அங்கி இழந்த மற்றவர்களும், ஏழைகள், சிபாரிசு இல்லாதவர்கள், வந்து நின்று அதையே கேட்பார்கள்.

"உமக்குக் காய்ச்சல் வராது" என்றார் கடைசியில். "நாளைக்கு உக்காருவீர்."

"கல்லு மனசய்யா உமக்கு."

"ஆமா."

ஞாயிற்றுக்கிழமை இல்லுகியே ஆராதனை நடத்தினான். அவன் குரல் இரண்டு இடத்தில் நின்று போயிற்று. சபையார் அந்த இரண்டு இடத்திலும் கூடுதல் சத்தமாகப் பாடி நிரப்பினார்கள். பிறகு யாரும் எழுந்து போகவில்லை. பேராயர் கேள்வி கேட்டார். இல்லுகி மறைக்கவில்லை. ஸ்டுர்லா தரையைப் பார்த்துக்கொண்டே தீர்ப்புக்கு ஒப்புக்கொண்டார். தீர்ப்பு சொன்னதும் இல்லுகி அங்கியைக் கழற்றினான். ஆற்றங்கரையிலிருந்து எடுத்துவந்து உலர்த்தியது. ஓரத்தில் மணல் இன்னும் ஒட்டியிருந்தது. பேராயர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இதே கையால் அதை அவனுக்குப் போட்டுவிட்டவர். மடிக்கத் தெரியாமல் அப்படியே நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

கோவில் வாசலில் ஸ்காப்தி காத்திருந்தார்.

"தீர்ப்பு தப்புன்னு நான் சொல்லல" என்றார். "சட்டம் உன் வேல. அதுல நான் வாயத் திறந்தேனா? உன்ன வேதத்து மேல கை வைன்னு கேட்டேனா? ஆறு என் வேல, அண்ணே."

பேராயர் வாயைத் திறந்தார். ஸ்காப்தி கேட்பதற்கு நிற்கவில்லை.

வீட்டில் தோரா ஒரு கிண்ணத்தில் தயிரைக் கொண்டுவந்து பேராயர் முன்னால் வைத்தாள். ஸ்டுர்லாவுக்கும் மற்றவர்களுக்கும் பெரிய மேசையில் வைத்திருந்தாள். அவருக்கு மட்டும் அடுப்படியில், வீட்டு ஆட்கள் உட்காரும் பெட்டிமேல்.

"சாப்பிடுங்க மாமா."

"எனக்கு வேணாம்மா."

"நாளைல இருந்து எங்களுக்கு இந்த வீடு கிடையாது. அடுத்த போதகர் வந்துருவாரு. இன்னிக்கு நான் போடுறேன், சாப்பிடுங்க. தீர்ப்பு சொன்ன வாயும் பசிக்கத்தான் செய்யும்."

அவர் சாப்பிட்டார். அவள் பக்கத்தில் நின்று, அவர் முடிக்கும் வரை, குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டே இருந்தாள்.

பேராயர் ஆஸ்முண்ட் அதற்குப் பிறகும் நெடுங்காலம் பதவியில் இருந்தார். இல்லுகிக்கு மன்னிப்பு கேட்டு முதல் கப்பலிலேயே மனு எழுதினார், தன் கைப்பட. மன்னிப்பு வந்து சேர மூன்று கோடை ஆயிற்று. வடக்கே, மீன்கூட எட்டிப் பார்க்காத ஒரு விரிகுடாவில் இல்லுகிக்குச் சபை கிடைத்தது. குதிரைக்காரப் பேராயர் என்று சொல்வதை மட்டும் அந்த ஞாயிற்றுக்குப் பிறகு பெரிய வீட்டார்கள் நிறுத்திவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் நாங்கள் நிறுத்தவில்லை. அது எங்களுக்குப் பெருமை.

தீர்ப்பு சொன்ன அதே வருடம் இலையுதிர்காலத்தில் பேராயர் கிழக்கே எல்லாச் சபைகளையும் பார்த்து முடித்துவிட்டு வீடு திரும்ப ஆற்றங்கரைக்கு வந்தார். ஸ்டுர்லா வழியனுப்ப மேற்குக் கரை வரை வருவதாகச் சொல்லிக் கூடவே வந்தார். கரையில் நின்று துணியை ஆட்டினார்கள். மேற்குக் கரையில் ஒரு குதிரை இறங்கியது. ஸ்காப்தி வருவாரா, மாட்டாரா என்று பேராயர் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தது இல்லுகி. ஆட்டுத்தோல் சட்டை, தாடி, கையில் கோல். அப்பாவோடு தொழிலுக்கு வந்துவிட்டிருந்தான்.

"அப்பா நல்லா இருக்காரா?" என்றார் பேராயர்.

"இருக்காரு."

ஆறு அமைதியாக இருந்தது. இறங்கி நடந்தே போய்விடலாம் போல இருந்தது. ஸ்டுர்லா சேணத்தைச் சரிசெய்துகொண்டு, "கிளம்பலாமா?" என்றார்.

இல்லுகி தண்ணீரைப் பார்த்தான். மேலே பனிமலையைப் பார்த்தான். "இப்ப இல்ல. மதியத்துக்கு மேல."

காற்று கத்தி போல அடித்தது. மழையும் சாய்வாக வந்தது. பேராயர் குதிரையிலிருந்து இறங்கினார். ஈரமணலில் காலை நீட்டி உட்கார்ந்து, தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

ஸ்டுர்லா அவர் பக்கம் குனிந்தார். "ஏன்னு ஒரு வார்த்த கேக்கட்டுமா?"

"கேக்காதீரும்" என்றார் பேராயர். "உக்காரும்."